லூ விற்றேக்கருக்கு மறுக்கப்பட்ட ஆசனம்

புகழ்மண்டபம் மிகப் பெரியோர்க்கே உரியது, நல்ல வீரர் அனைவர்க்கும் அதில் இடமளித்தலாகாது என்பர் பேஸ்போல் ஆட்டத்தின் பழமைவாதிகள். கொள்கையளவில் இதனை மறுப்பார் இலர். இக்கொள்கையைக் கவசமாகக் கொண்டு டெற்றோயிற் ரைகர்ஸ் அணியின் இரண்டாந் தள வீரர் லூ விற்றேக்கருக்கு இழைக்கப்பட்ட அநீதியையே நாம் மறுக்கின்றோம்.

1977 முதல் 1995 வரை அவ்வொரே அணிக்காக ஆடியவர் அவர். 2001ஆம் ஆண்டில் அமெரிக்க பேஸ்போல் எழுத்தாளர் சங்கத்தினர் இட்ட 515 வாக்குச்சீட்டுகளுள் அவர் பெயர் காணப்பட்டவை 15. நூற்றுக்கு எழுபத்தைந்து பெற்றாலன்றி இவ்வாக்கெடுப்பில் கூப்பர்ஸ்ரவுன் மண்டபத்தின் கதவு திறவாது. ஐந்திலுங் குறைந்தாலோ பட்டியலிலிருந்தே பெயர் நீக்கப்படும். முதல் ஆண்டிலேயே விசாரணை முடிந்து கோவை மூடப்பட்டது.

அதே ஆண்டில் முதுவீரர் தெரிவுக்குழு பில் மசெறொஸ்கி என்ற மற்றோர் இரண்டாந் தள வீரரை மண்டபத்துக்குத் தெரிந்தது. 1960 உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் நியூயோர்க் யாங்கீஸை வீழ்த்திய அவரது ஹோம் ரன்னை அமெரிக்கர் மறவார். பந்துகாப்பில் எட்டுத் தங்கக் கையுறை விருதுகளும் பெற்றவர். அவரைக் குறைத்துரைத்தல் எமது நோக்கமன்று. ஆயின் மட்டை பிடித்த நிலையில் அவருக்கு 138 ஹோம் ரன்கள், விற்றேக்கருக்கு 244.

வாக்களித்தோர் காணத் தவறியது இன்னொன்று. எறிபவர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே எறிய, மட்டையாளர் அவற்றை அடியாது விடுவாராயின் முதல் தளத்தை அடைவார். அடித்துப் பெற்றாலும் பொறுத்துப் பெற்றாலும் தளம் தளமே. விற்றேக்கர் இவ்வாறு 1,197 தடவை தளமேறினார். மசெறொஸ்கி 447 தடவை. பத்திரிகையாளர் நெடுங்காலம் போற்றிவந்த அடிச்சராசரியோ இதனைக் கணக்கிற் கொள்வதேயில்லை. அதன்படி ஒருவருக்கு 0.276, மற்றவர்க்கு 0.260. தளமேறும் வீதத்தை நோக்கினாலோ 0.363, 0.299. பொறுமையும் ஓர் ஆற்றல் என்பதை அளக்க மறுத்த கோல் கொண்டு அளந்துவிட்டு, ஆள் குட்டை எனத் தீர்ப்பளித்தனர்!

அதிசிறந்த வீரர் விருதை அவர் ஒருமுறையேனும் பெற்றிலர் என்பர். உண்மையே. மசெறொஸ்கி பெற்றாரா? விற்றேக்கரின் அருகே நின்று ஆடிய அலன் ட்ரமெல் பெற்றாரா? இவ்விருவரும் 1977 செப்டெம்பர் 9ஆந் திகதி ஒரே ஆட்டத்தில் அறிமுகமாகி, 1984இல் உலகத் தொடரை ஒன்றாக வென்றவர்கள். அடித்துத் தளமேறியமையில் விற்றேக்கருக்கு 2,369, ட்ரமெலுக்கு 2,365. ட்ரமெல் 2018இல் மண்டபத்துட் புகுந்தார். அது முறையே. 2019இல் பதினாறு பேர் கொண்ட குழுமுன் விற்றேக்கரின் பெயர் வந்தபோது, வேண்டிய பன்னிரண்டு வாக்குகளில் ஆறே கிடைத்தன.

அவர் பத்திரிகையாளரை நாடிச் சென்று தம்மைப் பற்றிப் பேசும் இயல்பினரல்லர். 1985ஆம் ஆண்டின் நட்சத்திர வீரர் ஆட்டத்துக்குச் சீருடையை மறந்து வந்து, கடைச் சட்டையொன்றை வாங்கி, முதுகில் மையால் இலக்கம் எழுதி ஆடினார். (அச்சட்டை பின்னர் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. சட்டைக்குக் கிடைத்த மரியாதை!)

2022 ஓகஸ்ற் மாதத்தில் ரைகர்ஸ் அணியினர் அவரது முதலாம் இலக்கத்தை இனி எவரும் அணியாதவாறு ஒதுக்கிவைத்தனர். அவ்வாண்டு டிசெம்பரிற் கூடிய தெரிவுக்குழுவின் எண்மர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவேயில்லை.