பட்டியலைத் திறந்து பாருங்கள்

2012-இல் '3' படத்தின் திருட்டுப் பிரதியைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றம், பெயர் தெரியாதவர்களையும் கட்டுப்படுத்தும் தடையாணை ஒன்றைப் பிறப்பித்தது. இணையச் சேவை நிறுவனங்களோ விமியோ, டெய்லிமோஷன் ஆகிய காணொளித் தளங்களையே முழுதாக அடைத்துவிட்டன. சொந்தமாகக் குறும்படம் எடுத்து அங்கே ஏற்றி வைத்திருந்தவர்கள் யாரிடம் எதைத் திருடினார்கள்? குறிப்பிட்ட இணைப்புகளை மட்டும் முடக்கினால் போதும் என்று அந்த ஜூனில் நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2017 ஆகஸ்டில், இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்தில் பெற்ற ஆணைகளால் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள் முடக்கப்பட்டன. அவற்றில் ஒன்று இன்டர்நெட் ஆர்க்கைவ். அச்சில் இல்லாத நூல்களையும் அழிந்துபோன இணையப் பக்கங்களையும் காத்துவரும் நூலகம் அது. பழைய தமிழ் நூல்களும் அங்கே ஏராளம். படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதி வந்தால், கடன் வாங்கிப் படமெடுத்தவர் நொடிந்துபோவார் என்பது உண்மைதான். அதற்காக, முடக்கக் கோரி அவர் நீட்டும் தளங்களின் பட்டியலை அப்படியே ஆணையாக்குவதை என்னால் ஏற்க முடியாது. ஒவ்வொரு முகவரியிலும் திருட்டுப் பிரதி இருப்பதற்கான சான்றை மனுதாரரிடம் கேட்க வேண்டும். தவறாக அடைபட்ட தளத்துக்கு அவரே இழப்பீடும் தர வேண்டும்.