கிரீஸும் ஆயிலும்

போன மாதம் ஒரு இளைஞர் வீடு தேடி வந்தார். தாம்பரம் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினைந்து வருடமாக நின்றுகிடந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றை வாங்கியிருக்கிறாராம். இன்ஜினை எப்படியோ ஓட வைத்துவிட்டார். ஆனால் ஸ்டியரிங் இறுக்கமாக இருக்கிறது, திருப்பினால் முனகுகிறது. பழைய கார் வைத்திருக்கும் மூன்று பேரிடம் யோசனை கேட்டிருக்கிறார். ஒருவர், "அதுக்கு ஒரு ட்ரிக் இருக்கு தம்பி" என்று சிரித்ததோடு சரி. இன்னொருவர் பேச்சை மாற்றிவிட்டார். மூன்றாமவர் மட்டும்தான் பதில் சொன்னார்: "எல்லா நிப்பிள்லயும் நல்லா கிரீஸ் அடிங்க, சரியாயிடும்."

முதல் இருவர் மீது எனக்கு வருத்தம். மூன்றாமவரை நினைத்தால் பயம். அவர் சொன்ன அதே வைத்தியத்தால் என் ஹெரால்டின் முன் சக்கரம் ஒருமுறை நடுத்தெருவில் மடங்கி விழுந்திருக்கிறது.

ஹெரால்டு நம் ஊர் கார். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் கம்பெனி கொண்டுவந்தது, வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் இங்கே வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாரானது. 948 சிசி இன்ஜின். பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்னால் கவிழும், முதலை வாயைப் பிளந்த மாதிரி. மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். வழியில் நின்று போனால் ஐந்து நிமிடத்தில் பத்துப் பேர் கூடி வேடிக்கை பார்ப்பார்கள், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அந்தச் சந்தோஷம் இப்போதைய கார்களில் கிடையாது.

இந்தக் காரில் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு மஞ்சள் உலோகக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டைக்குப் பெயர் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் நட்டுக்குள் போல்ட் சுழல்வதுபோலத் தண்டு இதற்குள் சுழலும். ஒரு பக்கம் இடது மரை, மறுபக்கம் வலது மரை. மாற்றிப் போட முடியாது. இதற்கு விட வேண்டியது கியர் ஆயில், 90 நம்பர். கிரீஸ் கூடாது. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் மேலேயே கெட்டிப்பட்டு நிற்கும். மழைத் தண்ணீர் உள்ளே போகும். இரும்பு துருப்பிடித்து, மரை தொடங்கும் இடத்தில் விரிசல் விழும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ராயப்பேட்டையில் ஒரு வேப்பமரத்தடிதான் அவர் ஷெட். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை வண்டியைக் கொண்டுவரச் சொல்வார். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆயில் நிரப்பிய கன்னை வைத்து, மேலே ஆயில் கசிந்து வரும்வரை அடிப்பார். பத்து வருடம் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

1987-ல் பாய் உடம்பு சரியில்லாமல் ஊருக்குப் போய் ஒன்றரை வருடம் திரும்பவில்லை. நான் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்புக்கு வண்டியை விட ஆரம்பித்தேன். அங்கே எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடித்தார்கள். அவர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நின்ற நான், "பரவாயில்லையே, பாய் தண்ணி மாதிரி ஆயிலை விட்டுட்டு இருந்தார், இவங்க கெட்டியா கிரீஸே வைக்கறாங்க" என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டேன். அடுத்த வருடம் கார்த்திகை மாதம், லஸ் முனையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டொக் என்று ஒரு சத்தம். வண்டியின் இடது மூக்கு தரையில் உட்கார்ந்தது. சக்கரம் மட்கார்டுக்கு அடியில் படுத்துக் கிடந்தது. பின் சீட்டில் என் மனைவியும் ஆறு வயது மகளும்.

வண்டி ஊர்ந்துகொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு வரை போய் வந்திருந்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் கலைகிறது.

பாய் திரும்பி வந்ததும் உடைந்த தண்டைக் காட்டினேன். ஒடிந்த முகத்தில் முக்கால்வாசி பழுப்பாகத் துரு, கால்வாசிதான் புதிதாகப் பளபளவென்று இருந்தது. "கிரீஸ் வச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார். "ஏன் பாய், இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். சற்று நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "சொல்லிட்டா அப்புறம் என்கிட்ட எதுக்கு சார் வருவீங்க?"

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நிலமும் பணமும் இல்லாத ஒருவருக்கு முதல் என்று இருப்பது அவர் கைக்குத் தெரிந்ததுதான். சம்பளம், பென்ஷன் என்று இருந்த நாம், அறிவை மூடி வைக்காதே என்று அவருக்கு உபதேசம் செய்வது சுலபம். அதனால் மெக்கானிக் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம் என்றால், அந்த நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு டீ வாங்கிக் கொடுத்து முப்பது வருட அனுபவத்தைக் கறந்துகொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பாய் பயந்தது நடக்கவில்லை. டிரன்னியன் விஷயம் முழுக்கத் தெரிந்த பிறகும் நான் அவரிடம்தான் போனேன். தெரிவது வேறு, காரைத் தூக்கி அடியில் படுத்துச் செய்வது வேறு.

என் சண்டை மெக்கானிக்குகளோடு இல்லை, என்னைப் போன்ற கார் சொந்தக்காரர்களோடு. நமக்கு இதில் பிழைப்பு கிடையாது. பிறகு எதற்கு ஒளிக்கிறோம்? புதுப்பேட்டையில் எந்தக் கடையில் பழைய ஹெரால்டு சாமான் கிடைக்கும் என்று கேட்டால், "தேடணும் சார்" என்கிறோம். கண்காட்சியில் பக்கத்தில் நிற்கும் வண்டியைவிட நம் வண்டி ஒரு படி மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் 1977-லேயே இந்தக் கார்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அங்கே இந்தக் கார் வைத்திருப்பவர்களிடம் டிரன்னியன் என்று வாயெடுத்தால் போதும், ஆயிலா கிரீஸா என்று அரை மணி நேரம் பேசுவார்கள். அங்கே அது ஊரறிந்த சங்கதி. இந்தக் கார் தயாரான சென்னையிலோ அது ஒரு வேப்பமரத்தடியில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருந்தது.

அந்த மூன்றாவது ஆசாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கஞ்சத்தனம் பண்ணவில்லை, மனதாரத்தான் சொன்னார். அவர் வைத்திருப்பது மோரிஸ் மைனர். அதிலும் டிரன்னியன் உண்டு, அதற்குக் கிரீஸ்தான் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அதன் சக்கரமும் மடங்கும். ஆக அவர் சொன்னது அவர் வண்டிக்குச் சரி. எது எந்த வண்டிக்கு, ஏன் என்ற பாதி விட்டுப்போனதால், ஒன்றைக் காப்பாற்றிய யோசனை இன்னொன்றைக் கவிழ்க்கப் பார்த்தது. காரணத்தோடு சொல்லத் தெரியவில்லையென்றால் சும்மா இருப்பதே நல்லது என்று சில சமயம் எனக்குத் தோன்றும். பிரேக் விஷயத்தில் சந்தேகமே இல்லை. "அந்த வண்டி வாஷர் இதுக்குப் பொருந்தும்" என்று ஒருவர் சொன்னால், எத்தனை மாதம் ஓட்டிப் பார்த்தார் என்றும் கேளுங்கள்.

புத்தகம் இருக்கிறதே என்பார்கள். புத்தகம் வேண்டும்தான். டேப்பட் இடைவெளி பத்து தௌ என்று அதில் போட்டிருக்கும். ஆனால் பழைய இன்ஜினில் ராக்கர் முனை வால்வு தட்டித் தட்டிக் குழிந்திருக்கும். ஃபீலர் கேஜ் தகடு அந்தக் குழியின் மேல் பாலம் போட்டது மாதிரி நிற்கும். கேஜ் பத்து காட்டும், நிஜ இடைவெளி அதைவிட அதிகம். அதனால்தான் சரியாக வைத்த பிறகும் டிக் டிக் என்று சத்தம் போகாது. இதைப் பாய்தான் ராக்கரைக் கழற்றி, நகத்தால் தடவிக் காட்டினார். அரை இஞ்ச் போல்ட்டில் பதிமூன்று எம்.எம். ஸ்பானரைப் போடாதே, உட்காருவதுபோல் உட்கார்ந்து முனையை மழுக்கிவிடும் என்பதும் அவர் சொன்னதுதான்.

ரிட்டயரான பிறகு ஆறு மாதம், வாரம் ஒரு நாள் பாய் வீட்டுக்குப் போய் அவர் சொல்லச் சொல்ல ஒரு இருநூறு பக்க நோட்டில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே "ஏன்" என்று ஒரு வரி. அவருக்கே காரணம் தெரியாத இடங்களில் "தெரியாது, ஆனால் இப்படித்தான்" என்று எழுதச் சொன்னார். அவர் மகன் இப்போது கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கும் புதுக் கார்களில் வேலை செய்கிறார். இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வாப்பா இவ்ளோ பேசுவாரா!" என்றார்.

தாம்பரம் இளைஞரை ஞாயிற்றுக்கிழமை வண்டியை இழுத்துக்கொண்டு வரச் சொன்னேன். பாய்க்கு எண்பது தாண்டிவிட்டது, கை நடுங்குகிறது. ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். இளைஞர்தான் கட்டையைக் கழற்றினார். உள்ளே இருந்த பழைய கிரீஸ் சோப்பு மாதிரி இறுகிக் கிடந்தது. தண்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து பாயிடம் கொடுத்தார். அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தப் பக்கம் தேறும், அந்தப் பக்கத்தை மாத்திடுங்க தம்பி" என்றார். கிளம்பும்போது அந்தப் பையன் ஒரு கவரைக் கொடுத்தான். பாய் வாங்கிக்கொண்டார்.

நோட்டைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் வீட்டுக்கு வரலாம், உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம், போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம். கையில் மட்டும் கொடுத்தனுப்ப மாட்டேன். 1994-ல் ஒரு நண்பர் இரண்டே நாள் என்று வாங்கிப்போன வொர்க்‌ஷாப் மேனுவல் இன்னும் திரும்பி வரவில்லை.