கூடாரத்துக்கு 14 நாள் கெடு

2025 மே 1ம் தேதி அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், பெண்ட் நகருக்குத் தெற்கே உள்ள டெஷூட்ஸ் தேசியக் காட்டின் ஒரு பகுதியை அந்நாட்டு வன இலாகா இழுத்து மூடியது. சைனா ஹாட் என்னும் காட்டுச் சாலையின் இருமருங்கிலும் கூடாரங்களிலும், ஓடாத பழைய வேன்களிலும், இழுவை வண்டிகளிலும் காலம் தள்ளி வந்த சுமார் நூறு பேர் இடத்தைக் காலி செய்தாக வேண்டும் என்று உத்தரவு. மே தினத்தன்று! மே தினம் பிறந்த நாட்டில் அன்று விடுமுறை கிடையாது என்பது நாம் அறிந்ததே. வீடற்றவனைக் காட்டைவிட்டும் விரட்டுவதற்கு அந்த நாளே வாய்த்தது.

இலாகா காரணம் சொல்லாமல் இல்லை. அடர்ந்துபோன பைன் மரங்களைக் கழித்து, சருகையும் புதரையும் கட்டுப்பாட்டோடு எரித்து, பெருந்தீ வராமல் தடுக்கப் போகிறோம் என்றது. இந்தக் காரணம் பொய்யல்ல. நூறாண்டு காலம் சிறு தீயைக்கூட மூளவிடாமல் அணைத்து அணைத்து, மேற்கு அமெரிக்கக் காடுகளில் எரிபொருள் மலைபோல் குவிந்து கிடக்கிறது. மரம் கழிக்கும் வேலை அவசியமான வேலைதான். வெளியேற்றத்தை நிறுத்தி வைக்கும்படி அங்கிருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் மறுத்துவிட்டது. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "நாங்கள் எங்கே போவது?" அந்தக் கேள்விக்கு மட்டும் இலாகாவின் கோப்பில் பதில் இல்லை.

விஷயத்தைப் புரிந்துகொள்ள, அந்த நாட்டு நில நிலவரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மத்திய சர்க்காரின் வன இலாகாவிடம் சுமார் 19.3 கோடி ஏக்கரும், பொது நில இலாகாவிடம் சுமார் 24.5 கோடி ஏக்கரும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் நாட்டின் மொத்த நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நம் ஊரில் புறம்போக்கு என்கிறோமே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் காடும் மலையும் பாலைவனமுமாகப் பரந்து கிடக்கும் புறம்போக்கு.

இந்த நிலத்தின் பெரும் பகுதியில் எவரும் போய்க் கூடாரம் அடிக்கலாம். வாடகை இல்லை, பெரும்பாலான இடங்களில் அனுமதிச் சீட்டும் இல்லை. வேலி கட்டி, குழாயும் கக்கூசும் வைத்து, ஓர் இரவுக்கு இத்தனை டாலர் என்று வசூலிக்கும் முகாம் மைதானங்கள் வேறு, இது வேறு. இங்கே குழாய் கிடையாது, குப்பைத் தொட்டி கிடையாது, காவல்காரன் கிடையாது. குடிதண்ணீரைக் கூடவே கொண்டுபோக வேண்டும். குப்பையைத் திரும்ப எடுத்துவர வேண்டும். ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளி அரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி மலத்தைப் புதைக்க வேண்டும். வறட்சிக் காலத்தில் தீ மூட்டக்கூடாது என்றால் மூட்டக்கூடாது. இவ்வளவுக்கும் கட்டுப்பட்டால், கையில் காசில்லாத ஒரு தொழிலாளியும் மனைவி மக்களோடு மலையடிவாரத்தில் நான்கு நாள் நட்சத்திரங்களின் கீழே படுத்துறங்கலாம். ஹோட்டல் முதலாளிக்கு அவன் ஒரு செண்டு கொடுக்க வேண்டியதில்லை.

எதற்கெடுத்தாலும் சீட்டுக் கிழிக்கும் முதலாளித்துவ நாட்டில் இப்படியும் ஓர் உரிமை இருக்கிறதே என்று வாசகர்கள் வியக்கலாம். வியப்பதற்கில்லை. அதை எந்தச் சீமானும் தானமாகக் கொடுக்கவில்லை. 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலையற்றோர் பட்டாளம் வீதிக்கு வந்து ஆட்சியை உலுக்கியபோது, 1933ல் ரூஸ்வெல்ட் சர்க்கார் இளைஞர்களைத் திரட்டி வனப்பாதுகாப்புப் படை ஒன்றை அமைத்தது. 1942 வரையில் சுமார் 30 லட்சம் இளைஞர்கள் அதில் வேலை செய்தார்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். நீக்ரோ இளைஞர்களைத் தனி முகாம்களில் பிரித்து வைத்த அநியாயமும் அதில் உண்டு. அந்தக் கைகள்தான் 300 கோடிக்கு மேல் மரங்களை நட்டன, காட்டுப் பாதை வெட்டின, பாலம் கட்டின, தீயை எதிர்த்து நின்றன. இன்று கூடாரக்காரன் வண்டி ஓட்டிப்போகும் எத்தனையோ சாலைகள் வேலையற்ற தொழிலாளியின் வியர்வையில் போட்டவை.

அதற்கும் முந்திய கதை ஒன்றுண்டு. இந்த நிலமெல்லாம் செவ்விந்தியப் பழங்குடி மக்களிடமிருந்து பறித்த நிலம். பிளாக் ஹில்ஸ் மலைகளை ஸியூ மக்களிடமிருந்து எடுத்ததற்கு நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும் என்று 1980ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. பணம் எங்களுக்கு வேண்டாம், எங்கள் மலையைக் கொடுங்கள் என்று ஸியூ மக்கள் அந்தப் பணத்தைத் தொட மறுத்தார்கள். அந்த மலைகளிலும் இப்போது தேசியக் காடு இருக்கிறது.

சரி, இலவசக் கூடாரத்துக்கு நிபந்தனை என்ன? பொதுவாக 14 நாள். 15ம் நாள் கிளம்பிவிட வேண்டும். பொது நில இலாகாவின் வழக்கம், 28 நாளில் 14 நாள். பிறகு பல மைல் தள்ளிப்போய்த்தான் மறுபடி கூடாரம் அடிக்கலாம். தேசியக் காட்டை அனுமதியின்றிக் குடியிருப்பாக வைத்துக்கொள்வது குற்றம். ஒரே ஆள் ஒரே இடத்தை வளைத்துப் போடாமலும், மண்ணும் புல்லும் மிதிபட்டுச் சாகாமலும் இருக்க இந்த விதி வேண்டும் என்கிறார்கள். ஒப்புக்கொள்வோம். ஆனால் இந்தக் கெடு எல்லோருக்கும் உண்டா என்று பார்ப்போம்.

பெரும் பண்ணைக்காரர்களும் கால்நடைக் கம்பெனிகளும் இதே பொது நிலத்தில் மாடு மேய்க்கின்றன. ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய, 2025ல் அவர்கள் சர்க்காருக்குக் கட்டிய கட்டணம் 1 டாலர் 35 செண்டு. தனியார் நிலத்தில் அதே மேய்ச்சலுக்கு 20 டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டும். சுரங்க முதலாளிகள் விஷயம் இதையும் மிஞ்சியது. 1872ல் போட்ட சுரங்கச் சட்டம் இன்றுவரை அமுலில் இருக்கிறது. அதன்படி பொது நிலத்திலிருந்து தங்கமும் வெள்ளியும் தாமிரமும் வெட்டி எடுக்கும் கம்பெனி, எடுத்த உலோகத்துக்காக மத்திய சர்க்காருக்கு ராயல்டி என்று ஒரு செண்டும் தர வேண்டாம். மலையைக் குடைந்து தங்கத்தை அள்ளிக்கொண்டு போகிறவனுக்கு இனாம். போர்வையைச் சுருட்டிக்கொண்டு வந்து படுத்தவனுக்கு 15ம் நாள் அபராதம். இயற்கைப் பாதுகாப்பு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

காட்டில் வந்து படுத்தவர்கள் ஏன் வந்தார்கள்? மலைக்காற்று வாங்க அல்ல. 2024 ஜனவரியில் அமெரிக்க சர்க்காரே எடுத்த கணக்கின்படி, ஒரே இரவில் வீடில்லாமல் இருந்தவர்கள் 7,71,480 பேர். முந்தைய ஆண்டைவிட இது 18 சதவீதம் அதிகம். அவர்களில் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. சம்பளம் வாடகைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். பென்ஷனில் வீட்டு வாடகை கட்ட முடியாத கிழவர்களும் கிழவிகளும் வேனையே வீடாக்கி, பருவத்துக்குப் பருவம் கிடங்கு வேலையும் பண்ணை வேலையும் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். 14 நாளுக்கு ஒருமுறை பொது நிலத்தில் இடம் மாற்றிக்கொண்டு வாழும் இந்த ஜனங்களுக்கு நாடோடி என்று அழகாகப் பெயர் சூட்டி, சினிமாவும் எடுத்தாயிற்று.

நகரத்துப் பூங்காவில் படுக்கலாமா? அங்கேயும் தடை. அதே ஒரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரம், பொது இடத்தில் போர்வை, தலையணை, அட்டைப்பெட்டி வைத்துப் படுப்பதையே குற்றமாக்கியது. அபராதம் 295 டாலர். கட்டத் தவறினால் 537 டாலருக்கு மேல் ஏறும். போர்வை தவிர வேறு சொத்தில்லாதவன் 537 டாலருக்கு எங்கே போவான்? வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2024 ஜூன் 28ம் தேதி 6 ஜட்ஜுகள் நகரத்தின் பக்கமும் 3 ஜட்ஜுகள் எதிர்ப்பக்கமும் நின்று தீர்ப்பு நகரத்துக்குச் சாதகமாயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பில் ஒரு தர்க்கம் இருக்கிறது. வாசகர்கள் அதைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டம் ஏழை என்று பார்த்துத் தண்டிக்கவில்லையாம். வீடற்றவனானாலும், விடுமுறையில் முதுகுப்பையோடு வந்த உல்லாசப் பயணியானாலும் ஒன்றுதானாம். ஆகா, என்ன சமத்துவம்! உல்லாசப் பயணிக்கு ஊரில் கதவும் தாழ்ப்பாளும் உள்ள வீடு காத்திருக்கிறது. மற்றவனுக்குக் காத்திருப்பது அடுத்த போலீஸ்காரன். தீர்ப்பைத் தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் இத்தகைய தடைகளைக் கொண்டுவந்தன.

இந்தத் தீர்ப்பு வந்து மறு ஆண்டு, வீட்டுப் பஞ்சத்தின் மேல் திடீரென்று ஒருவருக்குக் கருணை பிறந்தது. யூட்டா மாநில செனட்டர் மைக் லீ, தாம் தலைமை வகிக்கும் செனட் கமிட்டியின் மூலமாக 2025 ஜூனில் ஒரு யோசனையை முன்வைத்தார். 11 மேற்கு மாநிலங்களில் 20 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பொது நிலத்தைக் கட்டாயமாக விற்றுவிட வேண்டும் என்பதே அது. எதற்கு? வீடு கட்டுவதற்காம்! ஏழைக்கு எட்டக்கூடிய வாடகையில்தான் வீடு கட்டவேண்டும் என்று அந்த மசோதாவில் ஒரு ஷரத்தாவது இருந்ததா? இல்லை. காட்டில் கூடாரத்தில் இருப்பவனை வெளியேற்றுவது ஒரு கை. அவன் பெயரைச் சொல்லிக் காட்டை விற்கப் பார்ப்பது மற்றொரு கை.

அப்போது நடந்ததுதான் நமக்கு உற்சாகம் தருவது. வேட்டைக்காரர்கள், மீன் பிடிப்பவர்கள், மலையேறிகள், கூடாரவாசிகள், பழங்குடி மக்கள் என்று நாடே கிளம்பிற்று. ஆளும் குடியரசுக் கட்சிக்குக் காலமெல்லாம் வோட்டுப் போட்டவர்களும் அதில் இருந்தார்கள். தகப்பன் காட்டிக் கொடுத்த ஓடைக்கரையை எவனோ வேலி போட்டு அடைக்கப் போகிறான் என்றதும் கட்சிப் பற்று பறந்துவிட்டது. குடியரசுக் கட்சி செனட்டர்கள் சிலரே எதிர்த்துப் பேச நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். யோசனை சுருங்கிச் சுருங்கி, ஜூன் 28ம் தேதி வாபஸ் ஆயிற்று. கிராண்ட்ஸ் பாஸ் தீர்ப்பு வந்த அதே தேதி, சரியாக ஓராண்டு கழித்து. விற்கும் நிலம் அமெரிக்கக் குடும்பங்களுக்கே போய்ச் சேரும், பெரும் பணமூட்டைக் கம்பெனிகளுக்குப் போகாது என்று உறுதி செய்யும் ஷரத்தைச் சேர்க்க முடியவில்லை என்று லீயே தமது அறிக்கையில் காரணம் கூறினார். எதிர்ப்பாளர்கள் சொன்னதை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே பெரிய மசோதா, நில விற்பனை ஷரத்து இல்லாமல், 2025 ஜூலை 4ம் தேதி சட்டமாயிற்று. பொது நிலத்தில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் கம்பெனிகளின் ராயல்டி 16.67 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக அதில் இறங்கிற்று, நிலக்கரிக்கு 12.5லிருந்து 7 சதவீதம். முன்வாசலைச் சாத்திய ஜனங்கள் கொல்லைப்புறத்தையும் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே வன இலாகாவில் ஆயிரக்கணக்கான சிப்பந்திகளுக்கு வேலைநீக்க உத்தரவு கொடுக்கப்பட்டது. பாதை சீர்செய்பவன், குப்பை அள்ளுபவன், தீயைப் பற்றி எச்சரிப்பவன் எல்லாம் அதில் அடக்கம். கோர்ட் தலையிட்டுப் பலரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிற்று என்பது வேறு விஷயம். காட்டைக் காக்கும் கைகளை வெட்டிவிட்டு, கூடாரக்காரன் காட்டைக் கெடுக்கிறான் என்று சொல்வது யாரை ஏமாற்ற?

கூடாரங்களால் கேடே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. குப்பைமேடும், கைவிட்ட வண்டிகளும், அணையாத அடுப்பும் உண்மை. மாதக் கணக்கில் மனிதர் குடியிருக்கும் இடத்தில் குழி தோண்டிப் புதைப்பது சுகாதாரமாகாது, ஓடையும் கெடும். கூடாரம் வீடாகாது. குளிரில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் மலையில் அது வீடாகவே முடியாது. ஏழைக்குக் காடு போதும் என்று சொல்வதும் ஒருவகைக் கொடுமைதான். வீடற்றவனுக்கு நகரத்தில், வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பக்கத்தில், சர்க்கார் செலவில் வீடு கட்டிக் கொடு. அதுவரை கழிப்பிடமும் தண்ணீரும் குப்பை வண்டியும் உள்ள இடத்தைக் காட்டு. அதன் பிறகு காட்டில் மரம் கழிக்கப் போ. இந்த வரிசையில் நடந்திருந்தால் மே 1ம் தேதி எவரும் கோர்ட் வாசலில் நின்றிருக்க மாட்டார்கள். வீட்டுக்குப் பணமில்லை என்கிற சர்க்காருக்கு, 1.35 டாலரையும் 1872ம் ஆண்டுச் சட்டத்தையும் எடுத்துக்காட்டுவோம். அங்கே இருக்கிறது பணம்.

ஜூன் மாதத்தில் பொது நிலத்தைக் காத்த வேட்டைக்காரர்களும் மலையேறிகளும் சைனா ஹாட் சாலையில் நடந்ததைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று விட்டுவிடக்கூடாது என்பதே நம் அபிப்பிராயம். வீடற்றவனின் பெயரால்தான் அவர்களுடைய காட்டுக்கு விலை பேசப்பட்டது. மறுமுறையும் அவன் பெயராலேயே பேசப்படும். மத்திய சர்க்காரிடம் நிலம் மிதமிஞ்சி இருக்கிறது என்ற கொள்கையை மைக் லீ வாபஸ் அறிக்கையிலும் கைவிடவில்லை.