வீட்டோடு வீடு திரும்புதல்

1960-ஆம் ஆண்டு, வீட்டறை பொருத்திய டிரக்கில், சார்லி என்னும் நாயைத் துணைக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றிவந்த எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், வர்ஜீனியாவின் அபிங்டன் அருகே பிரயாணம் தம்மைக் கைவிட்டுப் போய்விட்டதாகக் கூறி, தம் பயண நூலில் எஞ்சிய நெடுவழியைச் சில பக்கங்களில் முடித்துவிடுகிறார். எனக்கோ அப்பக்கங்களே அதிக சுவாரசியமானவை. பியூட்டேன் வாயு ஏற்றிய வண்டி என்பதால் நியூயார்க்கின் வாயிலிலே ஹாலந்து சுரங்கப்பாதையில் தடுக்கப்பட்டு, ஹோபோக்கன் படகுத்துறைக்குத் திருப்பப்பட்டு, முடிவில் சொந்த ஊரிலேயே வழி தவறிக் காவலரிடம் முறையிட நேர்ந்த அவருடைய அவஸ்தை, அடுப்பையும் படுக்கையையும் உடன் கொண்டு செல்பவர் எவருக்கும் நேரக்கூடியதே. (விடுதியில் தங்குபவருக்கு இந்தச் சங்கடம் ஏது?) ஆகையால், போகும் வழிக்கு அளித்த அவகாசத்தைத் திரும்பும் வழிக்கும் அளிக்க வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்; அதற்குச் சம்மதியாமல் இரவு பகல் பாராது விரட்டிவருகிறவர்கள், வாயு உருளைக்குத் தடையுள்ள சுரங்கங்களையாவது முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துக்கொள்ளட்டும்.