பத்தாயமும் விதைநெல்லும்



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, நடுத்தர வயதுத் தாய் ஒருவர் தம் மகனுடன் பங்கு இல்லத்துக்கு வந்தார். மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். தாயின் கைப்பைக்குள் துணியில் சுற்றிய சிறு பெட்டி ஒன்று இருந்தது. அதை மேசைமேல் வைத்து, “சாமி, இவனுடைய அப்பாவின் குரல் இதற்குள்தான் இருக்கிறது. இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறது” என்றார். அது ஒரு ஹார்ட் டிஸ்க்.

அவருடைய கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 1998-இல் நடந்த திருமணத்தின் வீடியோ கேசட், கணவர் பாடிப் பதிவு செய்திருந்த இரண்டு ஒலிநாடாக்கள், பிள்ளைகளின் புகைப்படங்கள் ஆகிய யாவற்றையும் மகன் பல நாள் உழைத்துக் கணினிக்கு மாற்றியிருந்தான். வீட்டார் அனைவரும் தொலைக்காட்சியிலேயே அவற்றைப் பார்க்கும்படி ஓர் இல்ல மீடியா சர்வர் அமைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. நல்ல ஆசைதான். மாற்றி முடித்ததும், “இனி இவை எதற்கு?” என்று கேசட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டான். சில மாதங்களுக்குப் பின் ஒரு நாள் டிஸ்க் மேசையிலிருந்து கீழே விழுந்தது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்து, உள்ளே சுழலும் தட்டே கீறிப்போயிற்று என்று சொல்லிவிட்டார்.

அந்தத் தாய் மகனை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அவன்தான் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். அவன் செய்தவற்றுள் பெரும்பாலானவை சரியானவையே. தவறியது ஒன்றே ஒன்று. நம் பங்கில் இன்னும் பல வீடுகளில் இளைஞர்கள் இதே முயற்சியில் இறங்கியிருக்கிறார்கள். ஆகவே, சரியானவை எவை, தவறிய அந்த ஒன்று எது என்று இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். பங்கின் பழைய புகைப்படங்களுக்காக அத்தகைய ஒன்றை அந்தத் தம்பியின் துணையோடு நானும் அமைத்துப் பார்த்தேன். குருமடத்தில் மெய்யியல் படித்த தலைக்குள் இது ஏறுமா என்ற அச்சம் எனக்கும் இருந்தது. ஏறியது, உங்களுக்கும் ஏறும்.

மீடியா சர்வர் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் முன்னோர் வீட்டுப் பத்தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அறுவடை நெல் முழுவதும் அதில் இருக்கும். வேண்டியபோது அடியிலுள்ள சிறு வாயைத் திறந்து வேண்டிய அளவு எடுத்துக்கொள்வார்கள். அதுபோலவே வீட்டின் படங்களும் பாடல்களும் புகைப்படங்களும் ஒரு கணினியில் இருக்கும். கூடத்துத் தொலைக்காட்சியோ மகளின் செல்பேசியோ கேட்கும்போது, வீட்டு வைஃபை வழியாக அக்கணினி எடுத்துக் கொடுக்கும். வீட்டுக்குள்ளே பார்ப்பதற்கு இணையம் வேண்டுவதில்லை. ரௌட்டர் இயங்கினால் போதும். மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் படங்கள் கடையில் வாங்கும் அரிசி போன்றவை. கடைக்காரர் இன்று வைத்திருப்பதை நாளை எடுத்துவிடலாம். பத்தாயத்து நெல்லோ நம்முடையது.

முதலில் அறுவடையைப் பார்ப்போம். வீடியோ கேசட்டைக் கணினிக்கு மாற்ற, இயங்கும் நிலையிலுள்ள ஒரு வி.சி.ஆர். வேண்டும், அதையும் கணினியையும் இணைக்கும் சிறு யு.எஸ்.பி. கேப்சர் கருவி ஒன்றும் வேண்டும். புதிய வி.சி.ஆர். இனிக் கிடைக்காது. உலகில் கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய கருவிகள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகவே, மாற்ற நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரமும் ஆகும். குறுக்கு வழி கிடையாது. கருவியின் அமைப்பில் ‘பால்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். நம் நாட்டுக் கேசட்டுகள் அம்முறையில் பதிவானவை. ‘என்.டி.எஸ்.சி.’ என்று விட்டுவிட்டால் நிறமும் உருவமும் கெட்டுப்போகும்.

ஓர் எச்சரிக்கை. கேசட்டின் சன்னல் வழியே நாடாவின் விளிம்பைப் பாருங்கள். வெண்மையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சணம். ஈரக் காற்றுள்ள கடற்கரை ஊர்களில் இது மிகுதி. அந்தக் கேசட்டை அப்படியே வி.சி.ஆரில் போட்டால் நாடா ஒட்டிக் கிழியலாம்; பூஞ்சணம் கருவிக்குள்ளும் பரவி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அதைத் தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நலம்.

மாற்றியவை எவ்வளவு இடம் பிடிக்கும்? நல்ல தரத்தில் மாற்றிய வீடியோ, மணிக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர ஒலிநாடா எம்.பி.3 வடிவில் 60 மெகாபைட் அளவில் அடங்கும். ஒரு டெராபைட் டிஸ்க்கில் ஐந்நூறு மணி நேர வீடியோ இருக்கும் என்றால், சராசரிக் குடும்பத்துக்கு அது தாராளம்.

அடுத்துப் பத்தாயம். புதிய கணினி வாங்க வேண்டுமோ என்று கேட்பார்கள். வீட்டில் ஒதுக்கி வைத்த பழைய மடிக்கணினி இருந்தால் அதுவே போதும். மின்சாரம் போனாலும் அதன் பேட்டரி சிறிது நேரம் தாங்கும்; கணினி திடீரென்று அணைந்து கோப்புகள் சிதைவதில்லை. எனினும், பேட்டரி உப்பியிருந்தால் அது ஆபத்து. உடனே கழற்றிவிட வேண்டும். மூடியை மூடினாலும் உறங்காதபடி அமைப்பை மாற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மின்கட்டணம் ஏறுமே என்ற கவலைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். சும்மா இருக்கும் மடிக்கணினி 15 வாட் அளவு எடுக்கிறது என்று கொண்டால், இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு ஏறத்தாழப் பதினோரு யூனிட்தான் ஆகும்.

மென்பொருள் பல உண்டு. பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின் என்பவை பலரும் அறிந்தவை. முதல் இரண்டிலும் சில வசதிகளுக்குப் பணம் கட்ட வேண்டும். ஜெல்லிஃபின், 2018-இன் இறுதியில் எம்பியிலிருந்து கிளைத்து, தன்னார்வலர்களால் வளர்க்கப்படும் கட்டற்ற மென்பொருள், முற்றிலும் இலவசம். எங்கள் தம்பி கைக்கொண்டதும் அதுவே. கணினியில் நிறுவியபின், அதே கணினியின் பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட் என்னும் முகவரியை 8096 என்ற எண்ணோடு திறந்தால், அது கேள்வி கேட்டு வழிநடத்தும். நிர்வாகியின் பெயரும் வலுவான கடவுச்சொல்லும் கொடுத்து, எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது என்று காட்டினால் வேலை முடிந்தது. பின்னர்த் தொலைக்காட்சியிலோ செல்பேசியிலோ அதன் செயலியை நிறுவி, சர்வர் கணினியின் வீட்டு முகவரியைத் தர வேண்டும். அந்த முகவரி மாறாமல் இருக்கும்படி ரௌட்டரில் ஒருமுறை நிலைப்படுத்திவிடுங்கள். இல்லையேல், ஒரு நாள் மின்சாரம் போய் வந்ததும் ‘சர்வரைக் காணோம்’ என்று பாட்டி குரல் கொடுப்பார்.

கோப்புகளுக்குப் பெயரிடுவதில் சோம்பல் கூடாது. ‘புதிய வீடியோ 3’ என்று விட்டுவைத்தால் பத்து ஆண்டுகள் கழித்து எவருக்கும் விளங்காது. ஆண்டு, மாதம், நாள் முன்னே வர, நிகழ்ச்சி பின்னே வரட்டும். ‘2003-06 பாட்டி வீடு, அத்தை திருமணம்’ என்றிருந்தால் யாவும் கால வரிசையில் தாமே நிற்கும். நூலகத்தின் வகையையும் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். வீட்டு நிகழ்ச்சிகளுக்கென்று ‘ஹோம் வீடியோஸ்’ என்னும் தனி வகை உண்டு. நான் அறியாமையால் பங்குத் திருவிழா வீடியோவை ‘மூவீஸ்’ வகையில் சேர்த்துவிட்டேன். அது திரைப்படம் என்று நம்பிய மென்பொருள், இணையத்தில் தேடிக் கண்டுபிடித்து, துப்பாக்கி ஏந்திய வெளிநாட்டு நடிகர் ஒருவரின் படத்தை நம் தேர்ப்பவனியின்மேல் ஒட்டிவிட்டது. பாடகர் குழுவினர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கின்றனர்.

தொடக்கக்காரர்களைத் திகைக்க வைப்பது இன்னொன்று. சில படங்கள் தடையின்றி ஓடும், சில நின்று நின்று ஓடும், மடிக்கணினி கொதிக்கும். காரணம் எளியது. வேற்று நாட்டு ஆயர் மறையுரை ஆற்றும்போது அருகில் நின்று ஒருவர் உடனுக்குடன் மொழிபெயர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு வியர்த்துக் கொட்டும். தொலைக்காட்சிக்குத் தெரியாத வடிவில் கோப்பு இருந்தால், சர்வரும் அப்படித்தான் ஓடும்போதே வடிவத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். பழைய கணினிக்கு அது பெரும்பாடு. ஆகவே, ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு, முன்கூட்டியே பெரும்பாலான கருவிகளுக்குத் தெரிந்த ஹெச்.264 முறையில் எம்.பி.4 கோப்பாக மாற்றி வைத்துவிடுங்கள். பிறகு சர்வருக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டுமே.

பத்தாயத்துக்குப் பூட்டும் வேண்டும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வையுங்கள். சிறு பிள்ளைகள் எந்த நூலகத்தைத் திறக்கலாம் என்பதை நிர்வாகியே வரையறுக்கலாம். அழிக்கும் உரிமையைப் பிள்ளைகளின் கணக்குக்குத் தர வேண்டாம். துபாயிலுள்ள அண்ணனும் பார்க்க வேண்டும் என்று ரௌட்டரில் வெளியுலகுக்கு வாசலைத் திறந்துவிடாதீர்கள். அண்ணன் மட்டுமா வருவான்? டெய்ல்ஸ்கேல் போன்ற மறைவழி இணைப்பை இருபுறமும் நிறுவிக்கொண்டால், குடும்பத்தாருக்கு மட்டும் தனிப்பாதை கிடைக்கும். திருட்டுப் படங்களால் பத்தாயத்தை நிரப்ப வேண்டாம் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பிறர் வயலில் அறுத்த நெல் அது.

இனி, அந்த மகன் தவறவிட்ட ஒன்றுக்கு வருவோம். நம் முன்னோர் உண்ணும் நெல்லைப் பத்தாயத்தில் கொட்டினார்கள். விதைநெல்லை அதிலே போடவில்லை. வைக்கோலால் கோட்டை கட்டித் தனியே வேறிடத்தில் வைத்தார்கள். பஞ்சம் வந்தாலும் அதைத் தொடமாட்டார்கள். எலி புகுந்தாலும் தீப்பிடித்தாலும் குடும்பம் மறுபடி எழ அதுவே வழி. நம் பத்தாயத்துக்கும் விதைநெல் வேண்டும்.

சர்வரில் இருக்கிறது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பாக இருப்பதாக எண்ணாதீர்கள். ஹார்ட் டிஸ்க் விழலாம், வயதாகி நிற்கலாம், மின்னல் தாக்கலாம், திருடன் மடிக்கணினியோடு எடுத்துப் போகலாம். சிலர் ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க்குகளைப் பூட்டி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் உடனே எழுதப்படும்படி அமைப்பார்கள். ரெய்டு என்று அதற்குப் பெயர். ஒரு டிஸ்க் கெட்டால் அது காக்கும். ஆனால், பிள்ளை தவறிப்போய் ஒரு கோப்புறையை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். 2004-இன் கடற்கோளும் 2015-இன் சென்னை வெள்ளமும் அலமாரியோடு ஆல்பங்களைக் கொண்டுபோன வீடுகளில் இரண்டு டிஸ்க் இருந்தாலும் என்ன பயன்?

ஆகவே அறிந்தோர் வகுத்த எளிய விதி ஒன்று உண்டு: மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு வீட்டில். பழைய கேசட்டையும் தூக்கி எறியாதீர்கள். அதுவும் ஒரு படிதான். இன்னொரு டிஸ்க் வாங்கி, அனைத்தையும் நகல் எடுத்து, தம்பி வீட்டிலோ மைத்துனர் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் உறவினர் கூடும்போது அதை வரவழைத்துப் புதியவற்றைச் சேர்த்து, நாலைந்து கோப்புகளைத் திறந்து ஓட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்புங்கள். ஓட்டிப் பார்க்காத நகலை நம்ப வேண்டாம்.

அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று மாலை பேசிக்கொண்டிருக்கும்போது, “பெண் வீட்டுக்கு ஒரு கேசட் கொடுத்தார்களா, அம்மா?” என்று கேட்டேன். அக்கால வழக்கம் அது. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று. அவர் சற்று யோசித்தார். மறு வாரமே ஊருக்குப் போய், அண்ணன் வீட்டுப் பரணில் தேடி எடுத்து வந்தார். நாடா முழுவதும் பூஞ்சணம். தூய்மை செய்தவர் காப்பாற்றிக் கொடுத்தது நாற்பது நிமிடங்கள் மட்டுமே. அந்த நாற்பது நிமிடங்களுக்குள், திருமண விருந்தில் நண்பர்கள் வற்புறுத்த, மாப்பிள்ளை எழுந்து கூச்சத்தோடு ஒரு பாட்டுப் பாடுகிறார். ஒலிநாடாக்கள் இரண்டும் போனவை போனவையே. அவற்றுக்கு வேறு படி இல்லை.

கூடத்துத் தொலைக்காட்சியில் அந்தப் பாட்டை முதன்முதலாக ஓட்டிய இரவு என்னையும் அழைத்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் எவரும் பேசவில்லை. சற்று நேரத்தில் அந்தத் தம்பி எழுந்து போய், புதிய டிஸ்க் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, வந்திருந்த தாய்மாமனிடம் நீட்டினான். “மாமா, இது உங்கள் வீட்டில் இருக்கட்டும்” என்றான்.

இந்த ஞாயிறு மாலை உங்கள் வீட்டுப் பரணையும் அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். என்னென்ன கேசட்டுகள் இருக்கின்றன என்று எண்ணி, ஒவ்வொன்றின் மேலும் அதில் யார் இருக்கிறார் என்று எழுதி வையுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் உடனிருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.