கேலி வேண்டாம், கை கொடுங்க!



மொபைலில், ஆன்லைன் சண்டை விளையாட்டு ஆடும்போது, புதிதாக யாராவது சேர்ந்து தடுமாறினால், 'கத்துக்குட்டி' என்று கேலி செய்கிறீர்களா? முதல் நாள் நீங்களும் அப்படித்தானே தடுமாறினீர்கள்!

நம்ம மதுரைப் பக்கம் சிலம்பம் ஆடுவோரைக் கவனியுங்கள். கம்பு வீசும் முன், எதிரே நிற்பவருக்கு வணக்கம் வைப்பர்.

கோபம் வருவது சகஜம் தான். 2025 ஜூனில், நார்வே செஸ் போட்டியில், 19 வயது சென்னை வீரர் குகேஷிடம் தோற்றார், ஐந்து முறை உலக சாம்பியனான கார்ல்சன். ஆத்திரத்தில் மேஜையைக் குத்தினார். பிறகு, குகேஷிடம் மன்னிப்பு கேட்டு, முதுகில் தட்டிக் கொடுத்தார். அதுதான் பெரிய ஆட்டக்காரருக்கு அழகு!

இனி, புதிதாக வருவோருக்குச் சொல்லிக் கொடுங்கள்; தோற்றவரிடம், 'நல்லா ஆடினே...' என்று சொல்லுங்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பதும், உங்களைப் போல ஒரு குட்டி தானே!

அன்புடன்,
ஆசிரியர்.