அந்தச் சிவப்பு வெளிச்சமே போதும்

பாவிச்ச ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒன்று வாங்கலாமா என்று எங்கட வட்டத்துக்குள்ள யாராவது கேட்டால், உடனே வாற பதில் ஒன்றுதான்: "எச்டிஎம்ஐ இல்லாத செற்றா? விட்டிடு மச்சான்." கடைக்காரரும் அதைத்தான் சொல்லுவார், யூடியூப்பில விமர்சனம் செய்யிறவையும் அதைத்தான் சொல்லுவினம். இந்தப் பதில் பிழை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். உலகத்தில எல்லாருக்கும் பிழை என்று சொல்ல வரேல்லை. எங்களிட்ட இருக்கிற காசுக்கும், நாங்கள் உண்மையில கேட்கிற பாட்டுக்கும் பார்க்கிற படத்துக்கும் பிழை.

2022இல் சில மாதங்களுக்குள்ள டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாப் பக்கம் போன பிறகு, புது ரிசீவர் என்பது எங்கட வயதுக்காரர் கன பேருக்கு எட்டாத கதை. மிஞ்சி இருப்பது பழசுதான். 2000களின் தொடக்கத்தில் வந்த பாரமான செற்றுகள். பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ இருக்காது. ஆனால் வேறு இரண்டு துளைகள் இருக்கும். சின்ன மூடி போட்ட சதுரத் துளை ஒப்டிகல். வட்டமாக, அனேகமாகச் செம்மஞ்சள் நிறத்தில் இருப்பது கோஎக்சியல்.

இரண்டிலும் போவது ஒரே சரக்குத்தான். சொனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய முறை அது. ஒன்றில் வெளிச்சமாகப் போகும், மற்றதில் மின்சாரமாகப் போகும். ஒரு சீடியின் ஒலியை எடுங்கோ: செக்கனுக்கு 44,100 தரம், ஒவ்வொரு தரமும் 16 பிற், இரண்டு சனல். பெருக்கிப் பார்த்தால் செக்கனுக்கு 1,411 கிலோபிற். தோசிபா 1983இல் கொண்டு வந்த ஒப்டிகல் வயருக்குள்ளால இது ஒரு பிற்கூடக் குறையாமல் போய்ச் சேரும். எச்டிஎம்ஐக்குள்ளால போனாலும் அதே பிற்றுகள்தான் போகும், கூடவும் இல்லை குறையவும் இல்லை.

அப்ப "எச்டிஎம்ஐயில பேஸ் நல்லா இருக்கு" என்ற கதை எங்க இருந்து வந்தது? கசெற் காலத்துப் பழக்கம் என்று நினைக்கிறோம். அனலொக் வயர் பழுதானால் இரைச்சல் ஏறும், சத்தம் மங்கும். டிஜிட்டல் வயர் பழுதானால் டக் டக் என்று வெட்டும், இல்லாட்டி சத்தமே வராது. பேஸ் மட்டும் கொஞ்சம் மெலிஞ்சு போற மாதிரி அது பழுதாகிறதில்லை. ஒப்டிகல் வயரின் நுனிக்குத் தங்கம் பூசியும் விற்கிறார்கள். உள்ளுக்க போறது வெளிச்சம். வெளிச்சத்துக்கு என்னத்துக்குத் தங்கம்?

உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பிற்றுகளை ஒலியாக மாற்றும் வேலையை எந்தப் பெட்டி செய்கிறது என்பதுதான் விசயம். ரீவியின் ஹெட்போன் துளையில் இருந்து ரிசீவருக்கு வயர் இழுத்தால், அந்த வேலையை ரீவிக்குள் இருக்கிற மலிவான சிப் செய்துவிடும். பிறகு கன ரிசீவர்கள் அதைத் திரும்ப டிஜிட்டல் ஆக்கி, தன்ர வேலையை முடித்து, மறுபடியும் அனலொக் ஆக்கும். ஒப்டிகலில் குடுத்தால் முழு வேலையும் ரிசீவருக்கு. இன்னொரு லாபமும் இருக்கு. கேபிள் ரீவி வயரை இணைத்ததும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் தொடங்கும், தெரியும்தானே? அது இரண்டு பெட்டிகளின் எர்த் வழியாகச் சுற்றி வருகிற மின்சாரம். ஒப்டிகல் வயரில் செம்பே இல்லை, அதனால் அந்தப் பாதையால் இரைச்சல் வரவே முடியாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் "சரவுண்ட் வரேல்ல" என்று சொல்றவை இருக்கினம். பத்தில் எட்டுத் தரம், எங்கட அனுபவத்தில, குற்றம் ரீவியின் செற்றிங்கில்தான். சத்தம் வெளியில் போகும் வடிவம் அங்கே 'பிசிஎம்' என்று கிடக்கும். பிசிஎம் என்றால் ஒப்டிகலில் இரண்டு சனல் மட்டும்தான் போகும். அதை 'ஓட்டோ' அல்லது 'டொல்பி டிஜிட்டல்' என்று மாற்ற வேண்டும். பிறகு 5.1 இருக்கிற படம் ஒன்றைப் போட்டு ரிசீவரின் முகத்தைப் பாருங்கோ. டொல்பி டிஜிட்டல் என்று எழுத்து விழுந்தால் சரி. விழாவிட்டால் ஐந்து ஸ்பீக்கரும் பாடினாலும் அது ரிசீவர் தானாகப் பிரித்துக் குடுக்கிற சத்தம். சில ரீவிகள் ஒப்டிகலில் 5.1 குடுக்கவே மாட்டா. கன புது ரீவிகளுக்கு டிடிஎஸ்ஸும் விளங்காது. இதையெல்லாம் வாங்க முதல் பார்க்க வேணும், வாங்கின பிறகு இல்லை.

எச்டிஎம்ஐயின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ப்ளூரே தட்டில் இருக்கிற டொல்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ஓடியோ போன்ற இழப்பில்லாத ஒலி ஒப்டிகலுக்குள் அடங்காது. அட்மொஸும் போகாது. பிளேஸ்டேஷன் 5இல் ஒப்டிகல் துளையே இல்லை, ரீவியைச் சுற்றித்தான் வர வேணும். ஆனால் எங்களில் எத்தனை பேரிடம் ப்ளூரே தட்டு இருக்கு? நெட்ஃபிளிக்ஸ் அட்மொஸுக்குக் குடுக்கிற உச்சமே 768 கிலோபிற், அதுவும் சுருக்கின ஒலிதான். ஒப்டிகலில் போகிற டொல்பி டிஜிட்டலின் உச்சம் 640. கூரைக்கு ஸ்பீக்கர் பூட்டாத வீட்டில் இந்த இடைவெளிக்காகக் கடன்படச் சொல்வதை எங்களால் ஏற்க முடியவில்லை. யூடியூப்பில் கேட்கிற பாட்டுக்கு இந்த வாதமே தேவையில்லை.

காசு இருந்தால் ஸ்பீக்கருக்குப் போடுங்கோ. அதுக்கும் முதல் அறையைப் பாருங்கோ. எங்கட வீடுகளில் நிலத்துக்கு ரைல்ஸ், நாலு பக்கமும் பூசின சீமெந்துச் சுவர். கையைத் தட்டினால் சத்தம் திரும்பி வரும். படத்தில கதைக்கிறது விளங்காமல் சத்தத்தைக் கூட்டுவது அதனால்தான். ஒரு தடிச்ச திரைச்சீலை, நிலத்தில் ஒரு விரிப்பு, ஸ்பீக்கரை மூலையில் இருந்து கொஞ்சம் முன்னுக்கு இழுத்து வைக்கிறது, இவை தருகிற மாற்றத்தை எந்த வயரும் தராது. ரிசீவரில் இருக்கிற 'ஹோல்', 'ஸ்ரேடியம்' பட்டன்களை மறந்துவிடுங்கள். எண்பதுகளின் பாட்டை ஸ்ரேடியத்துக்குள்ள போட்டுக் கேட்பது பாட்டுக்குச் செய்கிற துரோகம்.

பழசு வாங்கப் போகிறவர்கள் ஒப்டிகல் வயர் ஒன்றைக் கையோட கொண்டு போங்கோ. ஒரு நுனியை ரீவியில் குத்தினால் மற்ற நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேணும். புது வயர் என்றால் நுனியில் இருக்கிற பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றுங்கள், அதோட குத்திப்போட்டு "துளை சரியில்லை" என்று சண்டை பிடிச்சாக்களும் இருக்கினம். வயரை மடித்துச் சுருட்ட வேண்டாம். ஐந்து சனலையும் தனித்தனியாக ரெஸ்ற் ரோன் போட்டுக் கேளுங்கள். கடைசியா, பிளக்கில கையை வைக்க முதல் பின்பக்கத்து எழுத்தை வாசியுங்கோ. ஜப்பான் சந்தைக்குச் செய்த செற் என்றால் 100 வோல்ற் என்று இருக்கும். எங்கட 230இல் நேரா குத்தினால் ஒப்டிகலும் இல்லை, எச்டிஎம்ஐயும் இல்லை, புகைதான்.